சங்கிலிமுத்து பெயரில் இறந்தவர்

வள்ளித்தாயைப் பற்றி எழுதுவதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் ஆமத்தூரில் கிடையாது. மூன்று வருஷத்துக்கு மேலாக அவளைப் பார்ப்பதுதான் எனக்குப் பாதி வேலை. காலையில் எத்தனை மணிக்கு வாசல் தெளிக்கிறாள், எந்தக் கிழமை கறி எடுக்கிறாள், எந்தச் சேலைக்கு எந்த ஜாக்கெட், புருஷனோடு எதற்குச் சண்டை, எல்லாம் எனக்கு அத்துப்படி. அவள் வீடு என் வீட்டுக்கு எதிரே. நடுவில் ஒரு சாக்கடை வாறுகாலும் எட்டடித் தெருவும்தான். நான் ஜன்னலைத் திறந்தால் அவள் அடுப்படி தெரியும். அதனால் நான் ஜன்னலை மூடுவதே இல்லை.

இதற்குப் பெயர் பொறாமை. மற்றவர்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். அவளிடம் நகை அதிகம், நிறம் அதிகம் என்பதற்கெல்லாம் இல்லை. சாயங்காலம் ஆறேகாலுக்கு அவள் வாசலில் ஒரு மொபெட் வந்து நிற்கும். அவள் புருஷன் சங்கிலிமுத்து இறங்குவான். தூக்குவாளியை அவள் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போவான். அவ்வளவுதான். அந்த ஆறேகால் மணியை என்னால் பொறுக்க முடியவில்லை. என் புருஷன் முனியராஜ் செத்தது அந்தச் சங்கிலிமுத்து பெயரில்.

அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவனுக்குத்தான் தீபாவளி போனஸ். சீசன் நேரத்தில் ஒரு நாள் வராவிட்டாலும் அதில் வெட்டு விழும். அதனால் காதுகுத்தோ காய்ச்சலோ எது வந்தாலும், பெயர்க்காரன் தனக்குப் பதில் ஓர் ஆளை அனுப்பிவிடுவான். போர்மேன் முகத்தைப் பார்க்க மாட்டார், பெயரைப் பார்ப்பார். பெயரைக் கூப்பிட்டதும் வந்தவன் கையைத் தூக்குவான். அன்றைய கூலி வந்தவனுக்கு, வருகை பெயர்க்காரனுக்கு. இதைப் 'பேருக்கு ஒக்காருதது' என்போம். யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை. ஒத்தாசை என்றுதான் நினைத்தோம்.

முனியராஜுக்கு எந்தக் கம்பெனியிலும் சொந்தப் பெயர் கிடையாது. ஆனைக்குட்டம் போகிற வழியில் உள்ள அந்தக் கம்பெனியில் ஐந்து வருஷம் வெடிக்குள் மருந்து செலுத்தினார். லைசென்ஸில் உள்ள ஆள் கணக்கு முடிந்துவிட்டது என்று போர்மேன் தனுஷ்கோடி அவரைப் பதிவேட்டில் எழுதவே இல்லை. ஆனால் வேலை இல்லாத நாளும் அவருக்குக் கிடையாது. திங்கட்கிழமை ஒருவர் பெயரில் உட்காருவார், செவ்வாய்க்கிழமை இன்னொருவர் பெயரில். கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனுஷன்.

வள்ளித்தாய்க்கு அப்போது அவர்மேல் ரொம்ப மரியாதை. அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். நான் அவளுக்கு மதினி, அவள் எனக்கு மதினி. அவள் ஆனைக்குட்டத்துப் பிள்ளை. அப்பா அம்மா இரண்டு பேரும் கூலிக்குக் களையெடுத்தவர்கள். பத்து வயதில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டத் தொடங்கியவள், அப்புறம் பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. நான் பிளஸ் டூ வரை படித்து, சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். அவளுக்குக் கடிதம் வந்தால் நான்தான் படித்துச் சொல்வேன். அவள் அதிகம் பேச மாட்டாள், வாய்விட்டுச் சிரிக்க மாட்டாள். கடன் கேட்டால் கறிவேப்பிலைகூட அளந்துதான் தருவாள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து ஒரு பையன் பிறந்தான். அவனுக்கு இருக்கங்குடி மாரியம்மனுக்கு மொட்டை என்று நேர்ந்திருந்தாள்.

மூன்றரை வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, அந்த மொட்டைக்காக அவர்கள் மூவரும் விடியற்காலையில் பஸ் ஏறினார்கள். சங்கிலிமுத்து பெயரில் முனியராஜ் போய் உட்கார்ந்தார். காலை ஒன்பது பத்துக்கு அவர் மருந்து செலுத்திய ரூம் வெடித்தது.

ரூமுக்கு நாலு பேர் என்பது லைசென்ஸ். பதிவேட்டில் நாலு பெயர் இருந்தது. உள்ளேயிருந்து நாலு உடல் எடுத்தார்கள். மூன்று பேருக்குப் பெயரும் உடலும் பொருந்தின. நாலாவது பெயர்க்காரன் சாயங்காலம் மொட்டைத் தலைப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஆமத்தூர் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினான். ஊரே பார்த்தது.

விருதுநகர் பெரியாஸ்பத்திரியில், பிணவறைக்கு வெளியே, கம்பெனியிலிருந்து இரண்டு பேர் ஒரு முத்திரைத்தாளோடு வந்தார்கள். காரியச் செலவுக்கு முதலாளி கொடுத்தனுப்பினார் என்று ஒரு கவரையும் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் உடலைச் சீக்கிரம் வாங்கித் தருகிறோம் என்றார்கள். காலண்டரில் ராகு காலம் ஒரு வரி தள்ளி அச்சாகியிருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுகிற நான், அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள்தான் நகலைப் படித்தேன். இறந்தவர் எங்கள் தொழிலாளி அல்ல, தண்ணீர் குடிக்க அனுமதியில்லாமல் ரூமுக்குள் நுழைந்த வெளியாள், இரக்கப்பட்டு உதவி செய்கிறோம், இனிமேல் இது சம்பந்தமாக எந்த வழக்கும் இல்லை என்று எழுதியிருந்தது. கீழே 'மு. எழில்' என்று என் கையெழுத்து, முத்து முத்தாக.

அப்புறம் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. வெளியாள் பீடியோடு உள்ளே போனதால்தான் வெடித்தது என்று. முனியராஜ் பீடி குடித்ததே இல்லை. மற்ற மூன்று வீட்டிலும் என்னைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். அந்த மூன்று வீட்டுக்கும் அரசாங்கத்துச் செக் வந்தது. தாசில்தார் ஆபீஸ் பட்டியலில் மூன்று பெயர்தான் இருந்தது. என் மகள் அப்போது ஆறாவது படித்தாள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, உங்கப்பாதான் வெடிக்க வச்சது என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

சங்கிலிமுத்துவுக்கோ கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. மருந்தைத் தொட வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். காக்கிச் சட்டை இரண்டு, தொப்பி ஒன்று. வாயை மூடிக்கொண்டதற்குக் கூலி என்று எனக்குப் புரிந்தது. ஆறு மாதத்தில் அவர்கள் அடுப்படிக்கு டைல்ஸ் போட்டார்கள். கிரைண்டர் வந்தது. அவள் வெள்ளிக்கிழமைதோறும் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நான் என் பக்கத்துக் குப்பையைக் கூட்டி அவள் பக்கம் தள்ளினேன். அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் அள்ளிப் போட்டாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர்கள் சண்டை போட்டால்கூட எனக்குப் பொறாமை. ஒருநாள் ரசத்தில் உப்பில்லை என்று அவன் கத்தினான், அவள் கரண்டியைத் தூக்கி எறிந்தாள். நான் என் வீட்டு இருட்டில் உட்கார்ந்து அதைக் கடைசி வரை கேட்டேன். எனக்குச் சண்டை போட ஆளில்லை. ரசத்தில் உப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்க நாதியில்லை. அந்த மொபெட் ஒருநாள் வராமல் போகாதா என்றுகூட நினைத்திருக்கிறேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

முனியராஜ் இறந்து இருபத்தொரு மாதம் ஆன பிறகு, எங்கள் பைண்டிங்கில் வேலை பார்க்கிற ஒருத்தி ஜீவனாம்ச வழக்குக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனாள். நான் துணைக்குப் போனேன். அங்கே பெண்களுக்குச் செலவில்லாமல் வக்கீல் வைத்துக் கொடுக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கிறது. அவளுக்கு வந்த வக்கீல் யோகேஸ்வரி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். சிவகாசியில் வியாபாரக் குடும்பம், தாய்மாமனே பட்டாசு முதலாளி. ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பிளஸ் டூவுக்கு மேலே என்னைப் படிக்க வைத்திருந்தால் எனக்கும் ஒரு கறுப்புக் கோட்டு இருந்திருக்கும் என்று அவளைப் பார்த்ததும் தோன்றியது. என் புத்தி அப்படி.

"நீங்க எதுக்கு வந்திருக்கீக அக்கா?" என்று கேட்டாள். துணைக்கு என்றேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்றாள். சொன்னேன். முத்திரைத்தாள் நகல் என் பையில் எப்போதும் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன்.

படித்துவிட்டுச் சொன்னாள். "இது செல்லாது அக்கா. தொழிலாளி வேலையில செத்தா, இழப்பீட்டத் தொழிலாளர் ஆணையர்ட்டதான் கட்டணும். அவருதான் குடும்பத்துக்குப் பிரிச்சுக் குடுக்கணும். நேரா உங்க கையில குடுத்தா அது இழப்பீடே கெடையாது. இனிமே கேக்க மாட்டேன்னு எழுதி வாங்குனாலும் சட்டம் ஒத்துக்கிடாது."

"அப்பம் நான் கையெழுத்துப் போட்டது?"

"பேப்பர் வீணாப் போச்சு. உங்க உரிமை போகல."

இருபத்தொரு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. அடுத்ததாக அவள் சொன்னது அதை நிறுத்தியது. இறந்து இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும், இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. அந்தக் கம்பெனிக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு கிடையாது, அதனால் மதுரையில் தொழிலாளர் துறை ஆணையரிடம் போக வேண்டும். முதலாளிமேலும் போர்மேன்மேலும் போலீஸ் போட்ட கேஸ் தனி. அதில் தண்டனை கிடைத்தாலும் அது அவர்களுக்கு, எனக்கு அதனால் ஒன்றும் வராது. முதலாளி பக்கம் தப்பு இருந்ததா இல்லையா என்றுகூட இந்த மனுவில் நிரூபிக்க வேண்டாம். ஒன்றே ஒன்றை நிரூபித்தால் போதும்.

"என்னது?"

"உங்க வீட்டுக்காரரு அன்னைக்கு அங்க வேலை பாத்தாருன்னு. வெளியாளு இல்லன்னு."

அதைச் சொல்லக்கூடிய ரூம்காரர்கள் மூன்று பேரும் செத்துப் போனார்கள். கம்பெனியில் மற்றவர்கள் வாயைத் திறந்தால் மறுநாள் வேலை இருக்காது. அதோடு, அவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒருநாள் இன்னொருவன் பெயரில் உட்கார்ந்தவர்கள்தான். பஸ் இறங்கியதைப் பார்த்த ஊரும் கம்பெனியைப் பகைத்துக்கொண்டு சொல்ல வராது. மிஞ்சியது எதிர்வீடு.

அன்று சாயங்காலமே போனேன். ஆறேகாலுக்குச் சரியாகப் போனேன். சங்கிலிமுத்து வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும். அன்னைக்கு நீங்க போகலன்னு மட்டும் சொல்லுங்க."

அவன் தரையைப் பார்த்தான். வள்ளித்தாய் நிலைப்படியில் நின்றாள். "அவருக்கு ஒண்ணும் தெரியாது, போங்க மதினி" என்றாள்.

"ஒனக்குத் தெரியும்லா?"

அவன் உள்ளே போனான். அவள் கதவைச் சாத்தினாள். அந்தச் சத்தத்தோடு எங்களுக்குள் மதினி முடிந்தது. மறுநாள் குழாயடியில் பதினைந்து பேர் முன்னால், என் புருஷன் உயிரை விற்று டைல்ஸ் போட்டவள் என்று சொன்னேன். அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் அவளைப் பார்ப்பதை நிறுத்தவும் இல்லை.

மனுவைக் கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது போட்டோம். வாரிசுச் சான்றிதழுக்கு மட்டும் ஏழு தடவை தாலுகா ஆபீஸுக்கு அலைந்தேன். மதுரையில் விசாரணை ஒரு வருஷம் போல இழுத்தது. கம்பெனி வக்கீல் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார். அன்றைய தேதியில் சங்கிலிமுத்து பெயருக்கு நேரே டிக் இருந்தது. அப்புறம் சங்கிலிமுத்துவையே கொண்டுவந்தார்கள்.

அவன் காக்கிச் சட்டையோடு வந்து சொன்னான். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனேன், ஒன்பது மணிவரை ரூமில் இருந்தேன், கக்கூஸுக்கு வெளியே வந்தேன், அந்த நேரத்தில் வெடித்துவிட்டது, முனியராஜ் எப்படி உள்ளே வந்தார் என்று எனக்குத் தெரியாது. கக்கூஸுக்குப் போனவன் மொட்டைத் தலைப் பிள்ளையோடு சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினானா என்று எழுந்து கேட்டிருப்பேன். யோகேஸ்வரி என் கையைப் பிடித்து அமுக்கிவிட்டாள். சொல்லி முடித்துவிட்டு அவன் என்னைப் பார்க்காமல் சுவரோரமாகவே வெளியே போனான். எனக்கு இரக்கம் வரவில்லை.

வெளியே வந்ததும் சொன்னேன். "வள்ளித்தாயக் கூப்பிடுங்க."

"சாட்சிக்கா? புருஷனுக்கு எதிரா எந்தப் பொண்டாட்டி அக்கா சொல்லுவா? அவளும் அவரு சொன்னதையே சொன்னா, நாமளே கூப்பிட்ட சாட்சி நம்மளக் கவுத்தாப்புல ஆயிரும். கேஸு படுத்துக்கிடும்."

"கூப்பிடுங்க. ஆணையரு சம்மன் அனுப்புவாருன்னு நீங்கதான் சொன்னீக."

உண்மையில் அவள் எனக்காகப் பேசுவாள் என்று நான் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. அவள் பொய் சொல்ல வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். சாமி மேல் சத்தியம் செய்துவிட்டு, என் முகத்துக்கு நேரே, அந்த மாரியம்மனுக்குப் போகவே இல்லை என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். பிள்ளைக்காக நேர்ந்த நேர்ச்சையையே இல்லை என்று சொன்ன பிறகு அவள் எப்படி நிம்மதியாகச் சோறு தின்கிறாள் என்று பார்க்க வேண்டும். கேஸ் போனாலும் போகட்டும் என்கிற அளவுக்கு அந்த ஆசை எனக்கு முற்றியிருந்தது. என் மகளின் நினைப்புகூட அப்போது வரவில்லை.

விசாரணை அன்றைக்கு மதுரை பஸ்ஸில் எனக்கு மூன்று வரிசை முன்னால் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அரக்குச் சேலை கட்டியிருந்தாள். திருமங்கலத்தில் பஸ் நின்றபோது அவன் இறங்கிப் போய் அவளுக்கு ஒரு டீ வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தான். அவள் ஊதி ஊதிக் குடித்தாள். கோர்ட்டுக்குப் போகிறவள் மாதிரியே தெரியவில்லை. நான் பற்களைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன்.

ஆணையரின் அறை கோர்ட்டு மாதிரி இருக்காது. ஒரு பெரிய மேஜை, இரண்டு பீரோ, ஓரத்தில் தட்டச்சு செய்கிற அம்மா. சாட்சி நிற்பதற்குக் கூண்டு கிடையாது, மேஜைக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். வள்ளித்தாய் எனக்கு நாலடி தூரத்தில் நின்றாள். சங்கிலிமுத்துவை வராந்தாவில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

யோகேஸ்வரி கேட்டாள். "அன்னைக்கு உங்க வீட்டுக்காரரு வேலைக்குப் போனாரா?"

வள்ளித்தாய் கைப்பையைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"போகல" என்றாள்.

யோகேஸ்வரிக்கே அடுத்த கேள்வி மறந்துவிட்டது. ஆணையர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க இருந்தாரு?"

"எங்கூட. இருக்கங்குடியில." கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜையில் வைத்தாள். கோயிலில் முடி காணிக்கைக்குக் கொடுக்கிற சீட்டு. தேதியும் நேரமும் அச்சாகியிருந்தன. காலை எட்டு மணி ஐந்து நிமிஷம். அதில் அவன் பெயர் இருந்தது.

"அப்பம் அவரு பேருல யாரு ஒக்காந்தது?"

"முனியராஜ் அண்ணன்தான். மருந்து செலுத்தத்தான் போனாக. தண்ணி குடிக்கப் போகல."

கேஸ் ஜெயித்துவிட்டது என்று எனக்குப் புரியவே சற்று நேரமாயிற்று. அதற்குள் கம்பெனி வக்கீல் எழுந்துவிட்டார். அவருக்கு வந்த கோபத்துக்கு, தேவையில்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"ஏம்மா, பிள்ளைக்கு மொட்டை போட ஒங்க அம்மாவக் கூட்டிட்டுப் போனாப் போதாதா? சீசன் நேரத்துல, போனஸ் போகும்னு தெரிஞ்சே, புருஷன யாராவது கூட்டிட்டுப் போவாங்களா? இது நம்புற மாதிரியா இருக்கு?"

"அவரும் அதத்தான் சொன்னாரு" என்றாள் வள்ளித்தாய். "எங்கம்மாவக் கூட்டிட்டுப் போகச் சொன்னாரு. நாந்தான் ஒத்தக் கால்ல நின்னேன்."

"எதுக்கு?"

"எழில் மதினியப் பாத்துத்தான்."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சம்பளச் சனிக்கெழம ஆனா, முனியராஜ் அண்ணன் மதினியச் சாத்தூருக்குக் கூட்டிட்டுப் போவாக. பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகும்போதும் வரும்போதும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போவாக. அம்புட்டுப் பேச்சு இருக்கும் அவுகளுக்கு. எங்க வீட்டு ஆளு ரெண்டடி முன்னால நடப்பாரு, திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. எனக்குப் பொறுக்கல சார். ஆறு வருசமாப் பொறுக்கல. ஒரு நாளாவது நானும் புருஷனும் பிள்ளையுமா பஸ்ஸுல ஒண்ணா ஒக்காந்து போறத மதினி பாக்கணும்னு நெனச்சேன். அதுக்காவத்தான் அந்த வெள்ளிக்கெழமையே போகணும்னு அடம் பிடிச்சேன். இவரு யோசிச்சாரு. முனியராஜ் அண்ணந்தான், நீங்க போயிட்டு வாங்க, நான் ஒக்காருதேன்னாக. எம் பொறாமையாலதான் அவுக போய்ச் சேந்தாக. இத நான் யார்ட்டயும் சொல்லல. இவரு வேல போயிரும்னு சொல்லாம இருந்தேன்னு ஊர்ல பேசுதாக. அது மட்டுமில்ல. இதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார். "அதெல்லாம் தேவையில்லம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தட்டச்சு அம்மாவிடம் இரண்டு வரி சொன்னார். சாட்சியின் கணவர் அன்று பணிக்குச் செல்லவில்லை. இறந்தவர் அவர் பெயரில் பணியில் இருந்தார். அந்த அம்மா அதை அடித்தார்.

நான் அழுதிருக்க வேண்டும், அல்லது அவள்மேல் பாய்ந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. எனக்கு வந்தது சந்தோஷம். என் புருஷன் எதனால் செத்தார் என்பதைக் கேட்டுக்கொண்டு நின்ற இடத்தில், வள்ளித்தாய் என்னைப் பார்த்து ஆறு வருஷம் வெந்திருக்கிறாள் என்று தெரிந்ததும், உச்சந்தலை வரைக்கும் சந்தோஷம் ஏறியது. மறைத்து என்ன ஆகப் போகிறது. அது ஒரு நிமிஷம் இருந்திருக்கும்.

அப்புறம்தான் அவள் சொன்ன சனிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. சாத்தூர் போகிற வழியெல்லாம் நாங்கள் பேசியது உண்மைதான். போகும்போதும் பேசினோம், வரும்போதும் பேசினோம். நான் அவரைப் பிடுங்கியெடுத்தேன். பேரை எழுதச் சொல்லி அந்தப் போர்மேன்கிட்ட வாயத் தொறந்து கேட்டா என்ன, எத்தன நாளைக்கு அடுத்தவன் பேருக்கு ஒக்காருவீக, ஒங்களக் கட்டி என்ன சொகத்தக் கண்டேன் என்று. அவர், கேக்கேன், கேக்கேன் என்றே வந்து, நான் ஓய்வதற்காக ஏதாவது வாங்கிக் கொடுப்பார். எதிர்வீட்டிலிருந்து பார்க்கிறவளுக்கு அது அப்படித் தெரிந்திருக்கிறது. அல்லது அவள் பார்த்ததுதான் சரியோ, எனக்குத்தான் தெரியவில்லையோ. கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் இல்லை.

வள்ளித்தாய் கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருவிரலை வைத்துவிட்டு வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன். இன்றைக்கு அவன் அவளை வராந்தாவிலேயே அறைவான், வாட்ச்மேன் வேலையை ஒரே வார்த்தையில் போக்கிவிட்டாளே என்று எதிர்பார்த்தேன். கதவு திறந்திருந்ததால் அவன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் குடித்தாள்.

"ரெண்டு மணி வண்டி போயிரும், வா" என்றான்.

படியிறங்கி அவன் ரெண்டடி முன்னால் நடந்தான். அவள் பின்னால் போனாள். ரெண்டடி முன்னால் நடக்கவாவது அவளுக்கு ஆள் இருக்கிறது என்று நினைத்தேன். அவளைக் கும்பிட வேண்டும் என்று வந்தவள், கும்பிடாமல் நின்றேன்.

அந்த வாரமே அவனுக்கு வேலை போனது. இப்போது ஒரு செங்கல் சூளைக்குப் போகிறான். மொபெட் ஏழரைக்கு வருகிறது. எங்களுக்குள் இன்னும் பேச்சு இல்லை. போன மாதம் குழாயில் தண்ணீர் நிற்கப் போகிற நேரத்தில், அவள் தன் குடத்தை எடுத்துவிட்டு என் குடத்தை நகர்த்தி வைத்தாள். நான் பிடித்துக்கொண்டேன்.

உத்தரவு நாலு மாதம் கழித்து வந்தது. முனியராஜ் அந்தக் கம்பெனியின் தொழிலாளி என்றும், பணியின்போது பணியின் காரணமாக இறந்தார் என்றும், இழப்பீட்டை வட்டியோடு ஆணையரிடம் கட்ட வேண்டும் என்றும் இருந்தது. அப்பீல் போவதானால் முதலில் முழுவதையும் கட்டிவிட்டுத்தான் போக முடியும் என்று யோகேஸ்வரி சொன்னாள். என் மகள் 'தொழிலாளி' என்கிற இடத்தை ஒரு பேப்பரில் எழுதிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். யாரிடம் காட்டினாள் என்று நான் கேட்கவில்லை.

அன்று ராத்திரி அவள் தூங்கின பிறகு உத்தரவையும் சாட்சி நகல்களையும் எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன், காலண்டரில் பிழை பார்க்கிற மாதிரி, ஒரு எழுத்து விடாமல். எல்லாம் சரியாக இருந்தது. முனியராஜும் நானும் பேசிக்கொண்டே நடந்துபோனதைப் பார்த்து ஒருத்தி ஆறு வருஷம் பொறாமைப்பட்டாள் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அது எங்கேயாவது எழுத்தில் இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதினேன்.